சாக்குருவியா? சம்பளமில்லாக் காவலனா?

ஓசூர்ச் சந்தையிலே ஒரு நாழிகை நின்று பாருங்கள். தமிழிலே விலை கேட்பார் ஒருவர், தெலுங்கிலே பதில் வரும், கன்னடத்திலே பேரம் முடியும். ஒருவர் மொழியை மற்றவர் அறிவார். எவர் மனமும் கோணாது. எல்லைப்புறத்து மக்களுக்கு இயற்கையாகவே வாய்த்த பண்பு அது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின்னர் வடபுலத்து மொழிகளும் வந்து சேர்ந்துவிட்டன. இத்தனை மொழி பேசுவோரும் கருத்திலே வேறுபடுவர், கட்சியிலே வேறுபடுவர், களியா முத்தேயா என்பதிலேகூட வேறுபடுவர். ஆனால் ஒன்றிலே மட்டும் ஒன்றுபட்டு நிற்பர்: ஆந்தை ஆகாது!

தமிழர் அதற்குச் ‘சாக்குருவி’ என்று பெயர் சூட்டினர். தெலுங்கில் ‘குட்லகூப’, பெயரைச் சொன்னாலே பாட்டிமார் முகம் சுளிப்பர். கன்னடத்தில் ‘கூபெ’. நம் ‘கூகை’க்கு உடன்பிறந்த சொல் போலும்! ஒருவர் மேல் வீண்பழி சுமத்துவதைக் கன்னடத்தார் ‘கூபெ கூரிசுவது’ என்பர், அதாவது ஆந்தையை அவர் தலைமேல் உட்கார வைப்பது. எத்துணைப் பொருத்தமான சொல் பாருங்கள்! பழி சுமத்துவதற்கே பெயராகிப் போன பறவை மீது, பழி சுமத்தியவர் யார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. வீட்டிலே ஆந்தை புகுந்தால் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுச் சில மாதம் வேறிடத்தில் குடியிருக்க வேண்டுமென்று நம்புவோர் இன்றைக்கும் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறார்கள். வாடகை யார் கொடுப்பது என்பதைச் சாத்திரம் சொல்லவில்லை.

பஞ்சாங்கத்திலே கணக்கே உண்டு. ஆந்தை ஒரு முறை கத்தினால் என்ன பலன், இரு முறை கத்தினால் என்ன பலன் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். சாவு இன்ன எண்ணிக்கைக்கு, சம்பத்து இன்ன எண்ணிக்கைக்கு! நள்ளிரவில் போர்வைக்குள் சுருண்டு கொண்டு, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த நம் முன்னோரை நினைத்தால் சிரிப்பு வருகிறது, இரக்கமும் வருகிறது. குறுக்கே வந்த கைம்பெண்ணைக் கண்டு பயணத்தை நிறுத்திய அதே மனம்தானே, கூரை மேல் அமர்ந்த கூகையைக் கண்டு குலை நடுங்கியது? அந்தப் பெண்ணுக்கு வாய் இருந்தது, காலம் வந்தது, எதிர்த்துக் கேட்டாள். கூகைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, அதற்காக நாம் பேச வேண்டியிருக்கிறது.

அது உண்மையிலே என்ன பறவை? நம் வட்டாரத்திலே காணக்கூடியவை பல. மூன்றை மட்டும் சொல்லுகிறோம். தென்னம்பொந்திலும் புளியம்பொந்திலும் ஓட்டு வீட்டு இறவாணத்திலும் குடியிருந்து, அந்தி மயங்கும் நேரத்தில் கீச்சுக்கீச்சென்று கூச்சலிடும் கையகலப் பறவை, புள்ளி ஆந்தை. தெருவிளக்கைச் சுற்றும் வண்டையும் விட்டிலையும் பிடித்துண்பது அதன் அன்றாடத் தொழில். கன்னடத்தார் ‘ஹாலக்கி’ என்று ஒரு பறவையைச் சொல்லி, அதன் பேச்சைத் தமக்கு மட்டுமே புரியுமென்று கூறிக் குறி சொல்லும் குடுகுடுப்பைக்காரரை அறிவார்கள்; அந்த ஹாலக்கி இந்தச் சிற்றாந்தைதான் என்பர். குடுகுடுப்பைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவர் வயிற்றுப்பாடு அது. பட்டம் பெற்ற பின்னரும் கதவுக்குப் பின்னே நின்று காதைத் தீட்டிக் கேட்கிறாரே, அவரை நோக்கியே நம் கேள்வி.

இரண்டாவது, கொம்பன் ஆந்தை. பாறைக் குன்றுகளின் இடுக்கிலே வாழ்வது. தலையிலே கொம்பு போல் நிற்பது வெறும் இறகுதான், கொம்புமல்ல, காதுமல்ல. கிருஷ்ணகிரிச் சீமை முழுதும் பாறைக் குன்றுகள் ஆகையால், அதற்கு இடப் பஞ்சம் இருந்ததில்லை. கல் குவாரிகள் வந்து, குன்றுகளே கப்பிக் கல்லாகி லாரியேறும் இந்நாளிலே அதற்கும் வந்துவிட்டது இடப் பஞ்சம்.

மூன்றாவதுதான் கூகை. நெஞ்சு வடிவில் வெள்ளை முகம். பொன்னும் சாம்பலும் கலந்த முதுகு. பாழ் மண்டபம், கோயில் கோபுரம், பழைய கிட்டங்கி, ஆளற்ற ஆலைக் கட்டிடம் ஆகியவை அதன் வீடுகள். நள்ளிரவில் ‘கிறீச்’சென்று நீண்டு எழும் ஓசை அதனுடையதே. அதைக் கேட்டுத்தான் ஊர் அலறுகிறது.

அந்த ஓசையைக் கொஞ்சம் ஆராய்வோமா? கூகை நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். ஒரே நாளில் அல்ல. இடைவெளி விட்டு இடும். முதல் முட்டை இட்டவுடனே பெட்டை அடைகாக்க அமர்ந்துவிடுவதால், மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரம்கூட வயது வேறுபடும். ஏறக்குறைய ஒரு மாதம் தாய் கூட்டை விட்டு அகலாது. தந்தை இரை கொணர்ந்து தாய்க்கும் ஊட்டும், பின்னர் பிள்ளைகளுக்கும் ஊட்டும். அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் சீறுவது போலவும் குறட்டை விடுவது போலவும் ஒலி எழுப்பும். பாழ் மண்டபத்திலே பேய் மூச்சு விடுகிறது என்று ஊரார் கதைப்பது இதைத்தான்! தந்தை வரத் தாமதமான இரவில், பசித்த பிள்ளை நூற்றுக்கணக்கான முறை கேட்கும். பஞ்சாங்கத்துக் கணக்குப்படி பார்த்தால், ஓர் இரவில் ஓர் ஊரே காலியாகியிருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. சுவிட்சர்லாந்து நாட்டிலே லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் ரூலன் என்ற அறிஞர், கூகைக் குஞ்சுகளின் பேச்சைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்தவர். தாய் தந்தை இல்லாத வேளையிலும் குஞ்சுகள் தமக்குள்ளே ஒலி எழுப்புகின்றன. ஏன் என்று பார்த்தார். அடுத்த எலி யாருக்கு என்ற வழக்கை அவை முன்கூட்டியே பேசித் தீர்த்துக் கொள்கின்றனவாம்! அதிகம் பசித்தது அதிகம் குரல் கொடுக்கும். மற்றவை அடங்கி வழிவிடும். சில வேளை மூத்தது தன் பங்கைக் கடைக்குட்டிக்கு ஊட்டுவதும் உண்டு. பங்காளிச் சண்டைக்கு வக்கீல் வைத்து வரப்பை விற்ற குடும்பங்கள் நம் ஊரிலே எத்தனை! அவற்றின் கூரை மேல் இந்தப் பறவை வந்தமர்ந்தால் ஆகாதாம்.

இனி அதன் தொழிலுக்கு வருவோம். கூகையின் காதுகள் வெளியே தெரியா; முகத்து இறகுகளுக்குள் மறைந்துள்ளன. அவை நம் காதுகள் போல் ஒரே மட்டத்தில் இல்லை. இடப்பக்கத்துத் துளை சற்று மேலே, வலப்பக்கத்துத் துளை சற்றுக் கீழே. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடைவதில் உள்ள நொடியின் நுண்பங்கு வேறுபாட்டைக் கொண்டு, இடமா வலமா என்று அறிகிறது. ஒலியின் வலிமை வேறுபாட்டைக் கொண்டு மேலா கீழா என்று அறிகிறது. அந்த வட்ட முகம் அழகுக்காக ஏற்பட்டதன்று. ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் முறம் அது. அமெரிக்காவில் ராஜர் பெய்ன் என்பார், பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்பித்துப் புகழ் பெற்றவர், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். துளி வெளிச்சமும் இல்லாத அறை, தரையிலே எலி, எலியின் பின்னே கட்டி இழுபடும் சிறு காகித உருண்டை. பாய்ந்த கூகை எலியை விட்டுவிட்டுச் சரசரத்த காகிதத்தைக் கவ்விற்று! மோப்பத்தால் அன்று, கண்ணால் அன்று, காதால் மட்டுமே வேட்டை என்பது விளங்கிற்று. 1978-இல் நட்சன், கோனிஷி என்ற இரு ஆய்வாளர்கள், எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்பதற்கான வரைபடமே கூகையின் மூளைக்குள் அமைந்திருப்பதைக் கண்டு சொன்னார்கள். குருட்டுப் பறவை என்று நாம் ஏசிய உயிரின் மண்டைக்குள் இருப்பது இது. பகலிலே அதற்குக் கண் தெரியாது என்பதும் கட்டுக்கதையே, தெரியும்.

பறக்கும்போதோ ஓசையே இல்லை. இறகின் முன்விளிம்பிலே சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு, மேற்புறம் வெல்வெட்டுப் போல் மென்மை, பின்விளிம்பிலே குஞ்சம். காற்று கிழிபடும் ஒலி அதிலே கரைந்துவிடுகிறது. எலிக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. கண்களோ கூட்டிலே இறுகிப் பதிந்தவை, உருட்ட முடியாது. அதற்கு ஈடாகக் கழுத்தை ஏறக்குறைய முக்கால் வட்டம் திருப்புகிறது. நமக்குக் கழுத்தெலும்பு ஏழு, அதற்குப் பதினான்கு.

இத்தனைக் கருவிகளும் எதற்கு? எலிக்காக! எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தே ஒரு கூகைக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கை எழுதிவிடலாம். அவ்வாறு எழுதியவர்கள் சொல்வது, குஞ்சுகளோடு கூடிய ஓர் இணை ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்க்கிறது என்பது. எலி மிகுந்த ஆண்டில் கூகை முட்டையும் மிகுதியாக இடும். எலி குறைந்தால் குறைத்துக்கொள்ளும்.

இங்கேதான் நம் உழவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் கேழ்வரகு என்றால் கிருஷ்ணகிரியும் தருமபுரியும்தான் நினைவுக்கு வரும். தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி வட்டாரத்து மானாவாரி நிலங்களிலே மழையை நம்பி விதைத்து, காட்டோரத்திலே யானைக்குப் பயந்து பரண் மேல் கண்விழித்துக் காக்கிறான் உழவன். யானை வந்தால் தெரியும். தீவட்டி பிடிக்கலாம், தப்படிக்கலாம். எலி வந்தால் தெரியாது. வயலெலி கதிரைக் கடித்துத் தின்பதோடு விடாது. வளைக்குள் இழுத்துப் பதுக்கியும் வைக்கும். பதுக்கல் வாணிபத்திலே அதற்கு எந்த மண்டிக்காரரும் ஈடில்லை! மூன்று வாரத்திலே ஈனும். ஈற்றுக்கு ஆறும் எட்டும் குட்டிகள். களத்திலிருந்து வீட்டுக்கு வந்த தானியத்தையும் விடாது. அதன் சிறுநீர் பட்ட நீரிலிருந்து எலிக்காய்ச்சலும் வரும். யானை தின்றதற்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போடலாம். எலி தின்றதற்கு யாரிடம் போடுவது?

இரவு முழுதும் கண்விழித்து, கூலி கேட்காமல், படி கேட்காமல், விடுமுறை கேட்காமல் அந்த எலியைப் பிடிக்கும் காவலனைத்தான் நாம் கல்லால் அடித்து விரட்டுகிறோம்.

தமிழன் எக்காலத்தும் இப்படித்தான் இருந்தானா? இல்லை. நற்றிணையின் 83-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பெருந்தேவனார் பாடியது. ஊர் நீர்த்துறையின் மரத்திலே வாழும் கூகையைத் தோழி கெஞ்சுகிறாள்: உனக்கு ஆட்டிறைச்சிச் சோறு தருகிறேன், எலியின் சூட்டிறைச்சியும் தருகிறேன், காதலன் வரும் இந்த இரவில் மட்டும் கூவி ஊரை எழுப்பிவிடாதே என்கிறாள். சாவை அழைக்காதே என்று சொல்லவில்லை. தூக்கத்தைக் கலைக்காதே என்றுதான் சொல்கிறாள். அதன் உணவு எலி என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புறநானூற்றில் இடுகாட்டோடு கூகையைச் சேர்த்துப் பாடியதும் உண்டு; மறைக்கவில்லை. அப்படிப் பாடிய புலவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் வழங்கிற்று. அவரை எவரும் ஊரை விட்டு விரட்டியதாகச் செய்தியில்லை.

வள்ளுவரோ, காலம் அறிதலுக்கு எடுத்துக்காட்டாகக் காக்கையையும் கூகையையும் வைத்தார். பகலிலே காக்கை வெல்லும். அது வெறும் உவமையன்று, கண்டறிந்த உண்மை. பகலில் வெளிப்பட்டுவிட்ட கூகையைக் காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து கூச்சலிட்டு விரட்டுவதை இன்றும் காணலாம். இரவிலே தம்மையும் தம் குஞ்சுகளையும் தூக்கிச் செல்லக்கூடிய வேட்டைப் பறவை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஊரறியச் செய்துவிட்டால், அதன் வேட்டை கெடும், இடம் பெயரும். இதுதான் அந்தக் கூச்சலின் உட்பொருள். காக்கைக்காவது காரணம் இருக்கிறது.

ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கர் ஆந்தையை அறிவின் சின்னமாக்கி நாணயத்திலே பொறித்தனர்; இன்றைய கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அது இருக்கிறது. வங்கத்தார் அதைத் திருமகளின் ஊர்தி என்று வணங்குவர். இங்கே சாவின் தூதன். ஒரே பறவை! மூன்று நாட்டாரும் சொல்வது மூன்று விதம். பறவைக்கோ இந்தச் செய்தியே தெரியாது. அது எலியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

வணங்குகிறார்களே, அங்கேயாவது நலமாயிருக்கிறதா என்றால், அந்தோ, அதுவுமில்லை! 2010-ஆம் ஆண்டில் வனவுயிர் வாணிபத்தைக் கண்காணிக்கும் டிராபிக் இந்தியா அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உள்ள சுமார் 30 வகை ஆந்தைகளிலே 15 வகை கள்ளச் சந்தையில் விற்கப்படுவதை அது காட்டிற்று. மாந்திரீகத்துக்காகவும் பூசைக்காகவும்! தீபாவளி அமாவாசை நெருங்கும்போது இந்த வாணிபம் சூடு பிடிக்கிறது. செல்வம் தரும் என்று கழுத்தை அறுப்பது ஓர் ஊர். சாவு தரும் என்று கல்லெறிவது மற்றோர் ஊர். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் ஏட்டிலே இருக்கிறது. ஏடு அலமாரியிலே இருக்கிறது.

ஒரு பறவை போய்விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடை ஓசூருக்கு நேர் மேற்கே, ராமநகரத்துப் பாறைகளிலே இருக்கிறது. ‘ஷோலே’ படம் எடுத்தார்களே, அதே பாறைகள். அங்கே எஞ்சிய கழுகுகளைக் காக்கக் கர்நாடக அரசு 2012-இல் சரணாலயம் அமைத்தது. அந்தப் பிணந்தின்னிக் கழுகையும் நாம் ஆகாத பறவை என்றே ஒதுக்கினோம். 1990-களில் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் கழுகினம் ஏறக்குறைய முடிந்து போயிற்று. தின்பாரற்ற பிணங்கள் அழுகின, நீர் கெட்டது, வெறிநாய் பெருகிற்று. 2000 முதல் 2005 வரை, கழுகு இல்லாமற் போனதால் இந்தியாவிலே மிகுதியாக இறந்த மனிதர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் என்று பிராங்க், சுதர்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். சாவைக் கொணரும் பறவை என்றோம். அது இல்லாமற் போனபோதுதான் சாவு வந்தது.

கூகைக்கும் அதே வகை நஞ்சு காத்திருக்கிறது. எலி மருந்துக் கடையிலே கேட்டுப் பாருங்கள். புரோமாடியோலோன் கலந்த வில்லைகள் கிடைக்கும். தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமற் போய்ச் சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதானே கூகைக்கு எளிய இரை? அதைத் தின்னத் தின்ன நஞ்சு அதன் ஈரலிலே சேரும். எலியைக் கொல்ல நாம் வைத்த மருந்து, எலிக் கொல்லியையே கொல்லும். அடுத்த ஆண்டு எலி இரட்டிப்பாக வரும்; மருந்தும் இரட்டிப்பாக விற்கும். இலாபம் யாருக்கு என்பதை விளக்க வேண்டுமா?

மாற்று வழி உண்டு. இஸ்ரேல் நாட்டிலே ஸ்டே எலியாகு என்ற கூட்டுப் பண்ணையில் 1983-இல், எலி மருந்தைக் குறைத்து வயல்களிலே கூகைக்குப் பெட்டிக் கூடுகள் வைத்தனர். பலன் கண்டு பெருக்கினர். பின்னர் 2002-ஐ ஒட்டி ஜோர்டான் நாட்டாரும் பாலத்தீன உழவரும் சேர்ந்தனர். காரணம் எளியது: இக்கரையில் கூடு கட்டிய கூகை அக்கரை வயலிலே எலி பிடித்தது, அக்கரையில் வைத்த நஞ்சு இக்கரைக் கூகையைக் கொன்றது. தம்முள் தீராப் பகை கொண்டிருந்தோர்கூட இதற்காக ஒரு மேசையிலே அமர்ந்தார்கள். ஜோர்டானிலும் ஆந்தையை அபசகுனம் என்று நம்பியவர் ஏராளம். பேசிப் பேசி மாற்றினார்கள். ஓசூருக்கும் ஆனேக்கல்லுக்கும் இடையே அத்தகைய பகையுமில்லை, ஆறுமில்லை. ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியிலே எந்தக் கூகையும் நின்று அனுமதி கேட்டதில்லை. கிருஷ்ணகிரி வேளாண் துறையும் எல்லைக்கு அப்பாலுள்ள வேளாண் துறையும் கூடிப் பேச என்ன தடை?

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் சொல்லிவிட வேண்டும். 1950-ஐ ஒட்டி, செஷெல்ஸ் தீவுகளிலே எலியைப் பிடிக்கவென்று கூகையை வெளியிலிருந்து கொண்டு போய் விட்டார்கள். அது எலியை விட்டுவிட்டுத் தீவின் வெண்ணிற ஆலாக்களைத் தின்னத் தொடங்கிற்று. ஆகவே, பிடித்து வந்து விடுவது அறிவன்று. நம் மண்ணின் கூகை நம் மண்ணிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது வீடு.

அந்த வீடுதான் குறைகிறது. சாலையோரத்துப் பொந்துப் புளியமரங்கள் அகலச் சாலைக்குப் பலியாகின்றன. பழைய ஓட்டுக் கட்டிடங்கள் இடிந்து, பொந்தே இல்லாத கான்கிரீட்டுச் சதுரங்கள் எழுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வயலிலே பறவைத் தாங்கி நட்டு ஆந்தைக்கு அமரும் இடம் தரும்படி பரிந்துரைக்கிறது. இரண்டு கழியைக் குறுக்கே கட்டினால் தாங்கி, செலவு ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒரு படி போய், கேழ்வரகு வட்டாரத்து ஊராட்சிகள் தோறும் மரப்பெட்டிக் கூடு வழங்க அரசு முன்வர வேண்டும். நுண்ணீர்ப் பாசனக் குழாய்க்கு மானியம் தரும் அரசுக்கு இது சுண்டைக்காய்ச் செலவு. சிப்காட் ஆலைகளின் உயர்ந்த கூரைகளும் கிட்டங்கிகளும் இருக்கின்றன. அங்கும் எலி இருக்கிறது, மின்கம்பியைக் கடிக்கிறது. ஆலை முதலாளிகள் ஆளுக்கு நான்கு பெட்டி தொங்கவிட்டால் குறைந்தா போவார்கள்? கைத்தொழில் தெரிந்த தொழிலாளத் தோழர்கள், கழிவுப் பலகையிலே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

பெட்டி செய்வோர்க்கு ஒன்று. தாயும் ஆறு பிள்ளையும் நிற்க இடம் வேண்டும். மழை உள்ளே அடிக்கக் கூடாது. வாசல் பெட்டியின் அடியிலே இல்லாமல் மேற்பகுதியிலே இருக்கட்டும், இல்லையேல் குஞ்சு வெளியே விழும். ஆளுயரத்துக்கு இரு மடங்குக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள். நெடுஞ்சாலையோரம் வேண்டாம், கூகை தாழப் பறக்கும், லாரி அடித்துவிடும். சுற்றிலும் நஞ்சு வில்லை வைக்காதீர்கள். கட்டிய மாதமே குடிவரும் என்று எண்ணாதீர்கள். ஒரு பருவம் போகலாம், இரண்டும் போகலாம். ஒருநாள் பெட்டியின் கீழே கறுத்த உருண்டை கிடக்கும். உடைத்துப் பாருங்கள், எலியின் பல் இருக்கும்.